மகளின் வீடும் மகன்மாரின் பள்ளிக்கூடமும்

என் வாப்பா நெல் வாங்கும் விதம் எங்கள் கிழக்கிலங்கைப் பாலமுனையில் எல்லாருக்கும் தெரியும். மூட்டையின் வாயில் இருக்கும் நெல்லை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். குத்தூசியை மூட்டையின் நடு வயிற்றில் இறக்கி, அதோடு வரும் மணிகளை உள்ளங்கையில் கொட்டி, ஒன்றைக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலையைப் பற்றி வாய் திறப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் ஊரை விட்டுக் கல்முனைக்குக் குடிபோவது என்று முடிவானபோது, அங்குள்ள பள்ளிக்கூடங்களையும் அவர் அதே மாதிரி குத்திப் பார்க்கக் கிளம்பினார்.

குடிபோவதற்குக் காரணம் கடை. கல்முனைக் கடைத்தெருவில் மருதமுனைத் தறிச் சாரங்களும் சேலைகளும் விற்கும் ஒரு கடையை வாப்பா எடுத்திருந்தார். நெல்லில் சம்பாதித்ததைத் துணியில் போட்டால் பிள்ளைகளை நல்ல இடத்தில் படிக்க வைக்கலாம் என்பது அவர் எண்ணம். பிள்ளைகள் என்று அவர் சொன்னது எனக்கு மூத்தவரான காக்காவையும் தம்பியையும். காக்கா அட்டாளைச்சேனைக்குச் சைக்கிளில் போய்ப் படித்துக்கொண்டிருந்தார். தம்பி இரண்டாம் வகுப்பு. நடுவில் நான் ஒருத்தி ஐந்தாம் வகுப்பில் இருந்தேன், ஆனால் அந்தக் கணக்கில் இல்லை.

அதற்காக வாப்பாவைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்குத் தலைவலி என்றால் கடையைப் பூட்டிவிட்டு வரும் மனிதர் அவர். ஐந்தோடு பெண்பிள்ளையின் படிப்பு முடியும் என்று எங்கள் ஊரில் யாரும் சட்டம் போடவில்லை. பிறை கண்டால் நோன்பு வருகிற மாதிரி அதுவும் தன்பாட்டில் வரும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்கோ படிப்பென்றால் உயிர். உலகப் படத்தை விரித்து, பெயர் வாயில் நுழையாத ஊர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது வருகிற சந்தோஷம் எனக்குப் பெருநாளன்றுகூட வந்ததில்லை. அந்த ஐந்தாம் வகுப்பு முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. 

வாப்பா கல்முனைக்குப் போன அன்று உம்மா என்னையும் கூட அனுப்பினாள். அவள் அவசியமில்லாமல் பஸ் ஏறுகிறவள் அல்ல.

"ஒங்கட வாப்பா என்ன பாத்தாரெண்டு அவரே வந்து சொல்லுவார். நீ என்ன பாத்தாயெண்டு எனக்கு வந்து சொல்லணும். வெளங்குதா?" என்றாள். நான் பெருமையோடு தலையாட்டினேன்.

முதலில் போனது ஆண்பிள்ளைகளின் இங்கிலீசுப் பள்ளிக்கூடம். பெரிய வாத்தியார் நன்றாகப் படிக்கும் ஒரு பையனைக் கூப்பிட்டு எங்கள் முன்னால் நிறுத்தினார். வாப்பா மரியாதையாகச் சிரித்துவிட்டு, "சேர், இவர் மூட்டைட வாய்ல இரிக்கிற நெல்லு. எனக்குக் கடைசி வாங்கில இரிக்கிற ஒராளக் காட்டுங்க" என்றார். பின் வரிசைப் பெஞ்சில் இருந்து, சட்டையில் மை கொட்டிய ஒருவன் எழுந்து வந்தான். மழை ஏன் பெய்கிறது என்று வாப்பா கேட்டார். அவன் கூரையைப் பார்த்தான், வாத்தியாரைப் பார்த்தான், பிறகு, "சரியாத் தெரியா. நாளைக்கிக் கேட்டுச் சொல்றன்" என்றான். வாப்பாவுக்கு ஒரே சந்தோஷம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கடைசி வாங்குக்கே பழக்கியிருக்கிறார்கள் என்றால் அது நல்ல பள்ளிக்கூடம் என்று வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்ததாக, சாய்ந்தமருதுப் பக்கம், ஆணும் பெண்ணும் படிக்கும் ஒரு பள்ளிக்கூடம். அங்கேயும் கடைசி வாங்கைத் தேடி வாப்பா போய்விட்டார். நான் என் வேலையைப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பக்கம் முழுக்கப் பெண்பிள்ளைகள். ஆறாம் வகுப்பில் அந்தப் பக்கத்து வாங்குகளில் பையன்களின் புத்தகங்கள் கிடந்தன. கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையிடம், "பெரிய வகுப்புப் பொம்புளப் புள்ளயள் எங்க?" என்று கேட்டேன்.

"வீட்ட" என்றாள் அவள். நான் கேட்டதே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

திரும்பி பஸ்ஸுக்கு நடக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். உயர்ந்த மதில் ஒன்றின் வாசலில் மணி அடித்து, வெள்ளை உடுப்போடு பெண்பிள்ளைகள் வெளியே வந்தார்கள். மிஷன்காரர் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் அது. எல்லாரும் என்னைவிடப் பெரியவர்கள், தாவணி போட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குள் ஒருத்தி தலையில் வெள்ளைத் துணியால் முக்காடு போட்டு, புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். எங்கள் ஆள், முஸ்லிம் பிள்ளை. நான் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டேன். அவளை மறித்து உன் உம்மா வாப்பாவிடம் என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினாய் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. "என்ன வாயப் பாத்துக்கிட்டு நிக்காய், பஸ் போயிரும்" என்று வாப்பா கையைப் பிடித்து இழுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த உம்மாவின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். இங்கிலீசுப் பள்ளிக்கூடம்தான் சரி. அதற்குப் பக்கத்திலேயே ஒரு வீடும் பார்த்துவிட்டார். ஓட்டுக் கூரை, கருங்காலிக் கதவு, கற்கண்டு மாதிரி கிணற்றுத் தண்ணீர். உம்மா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன கண்டாய்?" என்றாள். ஆறாம் வகுப்பு வாங்குகளைச் சொன்னேன். முக்காடு போட்ட பிள்ளையைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

உம்மா சுளகைக் கீழே வைத்தாள்.

"அந்த வீட்ட ஆருட பேர்ல எழுதப் போறீங்க?"

"இதென்ன கேள்வி? மகள்ர பேர்லதான்."

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்களில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பாவும் அப்படித்தான் ஒலுவிலில் இருந்து ஒரு தகரப் பெட்டியோடு உம்மாவின் வீட்டுக்கு வந்தவர். ஆகவே பெண்பிள்ளை பிறந்த வீட்டில் வாங்குகிற எந்த வீடு வளவும் அவளுக்காக வாங்குவதுதான்.

"ஆம்புளப் புள்ளயள் ரெண்டு பேரும் மறுகா எங்க இரிப்பானுகள்?" என்றாள் உம்மா.

"பொண்டாட்டிமார்ர வீட்டுலதான். அல்லாஹ் எந்த ஊர்ல எழுதி இரிக்கானோ."

"அப்ப, வீட்ட உட்டுட்டுப் போற ஆக்கள்ர பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல, வீட்டுல இரிக்கப் போறவளுக்கு வீடு பாத்துட்டு வந்திரிக்கீங்க."

 ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் அதைப் பிடித்துத் தொங்குகிற மனிதர் வாப்பா, இந்தமுறை பிழை அவருடையது. மெதுவாக, "அவள் எத்தின நாளைக்கிப் படிக்கப் போறாள்?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"வீடு கிட்ட இரிந்தா எத்தின நாளைக்கும் படிப்பாள்" என்றாள் உம்மா. "ஆம்புளப் புள்ள சைக்கிள்ல போவான், நடந்து போவான், மழைல நனஞ்சிக்கிட்டும் போவான். கொமருப் புள்ள றோட்டால போகேலா. அவளுக்குத்தான் வீடு கிட்ட வேணும்."

அடுத்தமுறை என்னையும் கூட்டிக்கொண்டு உம்மாவே பஸ் ஏறினாள். மிஷன் பள்ளிக்கூடத்தின் பெரிய டீச்சர் முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசி வாங்கைக் காட்டச் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கட புள்ளயள் பெரிசானத்துக்குப் பொறகு திரும்பிப் பள்ளிக்கூடம் வந்திரிக்காங்களா? பெரிய டீச்சர் ஒளிக்காமல் பதில் சொன்னார். வந்தவர்கள் மிகக் கொஞ்சம். படிப்பில் குறைவில்லை, வருகிற பாதைதான் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்திவிடுகிறது என்றார். உம்மா அதைக் கேட்டுக் கலங்கவில்லை. பாதைதானே என்று அந்த மதிலின் பின்பக்கத்துக்கு என்னைக் கூட்டிப் போனாள்.

எங்கள் ஊர்களில் பெண்களுக்கு வேறு பாதை உண்டு. வளவுக்கு வளவு வேலியில் ஓர் ஆள் குனிந்து போகுமளவுக்குப் பொட்டு விட்டிருப்பார்கள். அதன் வழியாக ஒரு வீட்டின் சமையல் குசினியில் இருந்து இன்னொரு வீட்டுக் குசினிக்கு, றோட்டை மிதிக்காமல், தெருக்கோடி வரை போய்விடலாம். ஆனால் ஊருக்குப் புதிதாக வந்தவளுக்கு யார் பொட்டு விடுவார்? உம்மா மதிலுக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டின் குசினிப் பக்கம் போய் ஸலாம் சொன்னாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு, "நீங்க என்ன குடி?" என்று கேட்டாள். குடி என்பது எங்களுக்குத் தாய்வழியில் வரும் குலம். ஊர் மாறினாலும் மாறாது. அந்த வீட்டுக்காரி சொன்ன குடி வேறு. ஆனால் அவள் கை நீட்டிக் காட்டிய அடுத்த வரிசை வளவுகளில் இருந்தவர்கள் உம்மாவின் குடி.

பின்னேரம் ஆவதற்குள் உம்மாவுக்கு அங்கே ராத்தாமாரும் தங்கச்சிமாரும் முளைத்துவிட்டார்கள். முன்பின் பார்த்திராத ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளி, "எங்கட மகள்" என்றாள். அந்த வரிசையின் கடைசியில் ஒரு வீடு விலைக்கு இருந்தது. கிடுகுக் கூரை, ஒடுங்கிய வாசல், உவர்த் தண்ணீர்க் கிணறு. வாப்பா அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்த சுளிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நெல்லைக் கடித்து வாங்கிய மனிதர் அந்த வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்காட்டியே எங்களை ஒருவழி பண்ணினார்.

காக்காவும் தம்பியும் ஊரின் மறுகோடியில் இருந்த இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே சைக்கிளில் போனார்கள். நான் வேலிப் பொட்டுகளால் போனேன். ஒரு வளவில் மீன் ஆய்வார்கள், இன்னொரு வளவில் மா இடிப்பார்கள், கோழி குறுக்கே ஓடும். "இண்டைக்கி என்ன படிச்சாய் மகள்?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் நான் வீடு வந்து சேர்ந்ததில்லை. பள்ளிக்கூட மதிலோடு ஒட்டிய வளவு, சித்தி முறையில் நான் சாச்சி என்று கூப்பிடும் ஒருத்தியுடையது. அவளுக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். ஐந்தோடு நின்றவள். நான் போகும்போதெல்லாம் உலக்கையை நிறுத்திவிட்டு என் புத்தகப் பையைப் பார்ப்பாள், நான் மதிலில் இருந்த ஒரு சின்னக் கதவுக்குள் நுழைந்த பிறகுதான் திரும்ப இடிப்பாள்.

ஏழாம் வகுப்பில் நான் பெரிய பிள்ளையானேன். அறைக்குள் இருத்தினார்கள். தண்ணீர் வார்க்கும் நாளுக்குப் பாலமுனையில் இருந்தும் ஒலுவிலில் இருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்கினார்கள். எல்லாரும் சிரிப்பும் பலகாரமுமாக இருந்தார்கள். இந்த அறையை விட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போவேனா, குசினிப் பக்கம் போவேனா என்பது எனக்குத் தெரியவில்லை. உம்மா மட்டும் நினைத்தால் போதாது, சபையில் வாப்பா சொல்வதுதான் சொல்.

பின்னேரம், வெற்றிலை வட்டாவைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, வாப்பாவின் மூத்த ராத்தா பேச்சை எடுத்தார். எனக்கு மாமி. தன் மகனுக்கு என்னை மனதுக்குள் எழுதி வைத்திருந்தவர்.

"படிச்சது காணும் தம்பி. இனிக் கொமரு வீட்டோட இரிக்கட்டும். நாலு சனம் கதைக்க வெக்காத."

சபை வாப்பாவின் வாயைப் பார்த்தது. அறைக்குள் நான் கதவோடு காதை ஒட்டிவைத்தேன். எத்தனை நாளைக்குப் படிக்கப் போகிறாள் என்று கேட்ட அதே வாய் அது.

"ராத்தா, இந்த வீட்டுத் தண்ணியக் குடிச்சீங்களா?" என்றார் வாப்பா.

"குடிச்சன். கடல் தண்ணிதான்."

"கூரையப் பாத்தீங்களா?"

"பாத்தன்."

"கற்கண்டுத் தண்ணியோட ஓட்டு வீடொண்டு என்ட கைல கெடச்சிச்சி. அத உட்டுட்டு இத வாங்கினது இவள் பள்ளிக்கூடம் போறதுக்காக மட்டுந்தான். இவள நிப்பாட்டினா எனக்கு இந்த வீடு என்னத்துக்கு? வித்துருவன். உவர்த் தண்ணி வீட்ட ஆரு வாங்குவா? நீங்க வாங்குறீங்களா?"

ஆண்கள் பக்கம் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மாமிகூட, "இவன்ட வாயோட ஏலா" என்று சிரித்தபடி வெற்றிலையை மடித்தார். நான் அறைக்குள் இருந்து அழுதேன். அப்படி ஒரு சந்தோஷத்தோடு அதற்கு முன் நான் அழுததில்லை.

சொந்தக்காரர் எல்லாரும் போன பிறகு, ஒரு காலையில், தலையில் வெள்ளைத் துணியால் முக்காடு போட்டுக்கொண்டு முதல் பொட்டுக்குள் குனிந்தேன். ஒவ்வொரு வளவிலும் பெண்கள் வேலையை விட்டு எழுந்து பார்த்தார்கள். கடைசி வளவில் உலக்கைச் சத்தம் இல்லை. சாச்சி மதிலின் சின்னக் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய மகள் தலையெல்லாம் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, தோய்த்த சட்டையோடு பக்கத்தில் நின்றாள்.

"ஒங்கட வாப்பா கதைச்சத நானும் கேட்டுக்கிட்டுத்தான் இரிந்தன் மகள்" என்றாள் சாச்சி.  "பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட வாறதுக்கு அவர் எங்கேயோ இருந்து வந்து இந்த வீட்ட வாங்கி இரிக்கார். நாங்க பொறந்ததுல இருந்து இந்த மதிலோடதான் இரிக்கம். இவளயும் கூட்டிக்கிட்டுப் போ."

அவளை ஆறாம் வகுப்பில்தான் சேர்த்தார்கள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு, முழங்கால் மேசையில் இடிக்க, முன் வாங்கில் உட்கார்ந்தாள். இடைவேளை மணி அடித்தபோது நான் போய்க் கூப்பிட்டேன். எழும்பி வந்தால் இடத்தை வேறு யாராவது பிடித்துவிடுவார்கள் என்று சொல்லி, அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள்.