அவளுடைய நாக்கை நம்பி

கொழும்பில் அந்தப் பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடைக்கு நாங்கள் இரண்டு பெட்டைகளும் களவெடுக்கத்தான் போனோம். அவள் ஒருதரம் நாக்கில் வைத்தால் போதும். என்னென்ன போட்டிருக்கு, எது முதலில் போட்டது, எது இறக்கும்போது போட்டது என்று சொல்லிவிடுவாள். ஊருக்கு வந்து அதையே செய்தும் காட்டுவாள். அந்த நாக்கை நம்பித்தான் என்னுடைய முழுத் திட்டமும் நின்றது.

அவள் நானாட்டான்காரி. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, பள்ளிக்கூடத்துப் பாதியில் தாய் தகப்பனோடு ஊர் திரும்பியவள். நான் விடத்தல்தீவு. தலைமன்னார்ப் பக்கம் ஒரு விடுதியில் நான் வரவேற்பு மேசை, அவள் குசினியில் சமையல். காற்றுக் காலத்தில் பெரிய பட்டங்களை இடுப்பில் கொளுவிக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்தான் அங்கே தங்குவார்கள். ஒருமுறை ஒரு பிரெஞ்சு அக்கா தன் ஊர்க் கடுகுக் கூழ்ப் போத்தலைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனா. இவள் கரண்டி நுனியால் தொட்டு நக்கிப் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து எங்கள் கடுகை வினாகிரியில் ஊறவிட்டு அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். அந்த அக்கா போத்தலையும் கிண்ணத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தா.

அன்றைக்கே என் தலைக்குள் கடை திறந்தாயிற்று. மாமாவின் மீன்வாடிக் கொட்டில் ஒன்று கடற்கரையில் சும்மா கிடந்தது, கேட்டதும் எடு என்றார். கடலைப் பார்த்தபடி மேசைகள். எங்கள் நண்டில் பிரெஞ்சு சூப். பனம்பாணியும் தேசிக்காயும் கலந்த காக்டெயில். மதுபான அனுமதிக்கு எந்தக் கந்தோரில் யாரைப் பிடிக்கவேண்டும் என்பதுவரை விசாரித்துவிட்டேன். ஊரே பிரான்சுக்கு ஓடுது, இவள் பிரான்சை இஞ்ச இழுத்துக்கொண்டு வாறாளாம் என்று அண்ணா நக்கலடிப்பான். எனக்கு அதுவும் உசாராகத்தான் இருக்கும். கதைக்கிறது நான், சமைக்கிறது அவள். ஒரேயொரு குறை, உண்மையான பிரெஞ்சுச் சாப்பாட்டை நாங்கள் இருவரும் வாயில் வைத்ததில்லை. அதற்குத்தான் கொழும்பு. வீட்டில் நேர்முகத் தேர்வு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினோம்.

உள்ளே ஏசி குளிர். வெள்ளை விரிப்பு, மெல்லிய கண்ணாடிக் கிளாஸ்கள், கதிரையை இழுத்துவிட ஒரு ஆள். அவள் கதிரை நுனியில் இருந்தாள். நான் ஆங்கிலத்தில் ஓடர் கொடுத்தேன். வெங்காய சூப், வெண்ணெய்ச் சாறில் மீன், தாரா இறைச்சி. காக்டெயில் பெயர்கள் ஒன்றும் விளங்கவில்லை. நிறத்தைக் கேட்டு, ஒரு மஞ்சளும் ஒரு சிவப்பும் என்றேன். வெயிட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சூப் வந்தது. அவள் ஒரு கரண்டி எடுத்துக் கண்ணை மூடினாள். என்ன இருக்கு என்று கேட்டேன். வெங்காயம், கனநேரம் வதக்கியிருக்கிறார்கள், மேலே சீஸ் உருக்கிப் போட்டிருக்கிறார்கள் என்றாள். எனக்குப் பெரிய புளுகம், வந்த காசு வீண்போகவில்லை என்று. மீனுக்கு, பதமாக வெந்திருக்கு, வெண்ணெய் என்றாள். அது எனக்கும் தெரியும், வெண்ணெய்க்குள்ளே என்ன என்று கேட்டேன். பொறு, யோசிக்கிறேன் என்றாள்.

அவள் சாப்பாட்டை யோசித்து நான் பார்த்ததே இல்லை. வெள்ளை விரிப்பைக் கண்டு பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னதெல்லாம் கண்ணும் பல்லும் கண்டுபிடிக்கக்கூடிய விஷயங்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருந்தேன், வாடிக்கு என்ன நிறம் பூசுவது, விளக்கை எங்கே தூக்குவது என்று.

காக்டெயில்கள் வந்தன. சிவப்பை நான்தான் முதலில் குடித்தேன். விளிம்பில் தோடம்பழத் துண்டு செருகி, பார்க்க சர்பத் மாதிரி இருந்தது. வாயில் பட்டதும் பாவற்காயைப் பிழிந்து குடித்ததுபோல ஒரு கசப்பு. அவள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைச் சரிசெய்துகொண்டு கிளாஸை அவள் பக்கம் தள்ளினேன். அவளுடைய முகம் கோணுவதைப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்ற ஆசை.

அவள் இரண்டு மிடறு குடித்தாள். நெற்றி சுருங்கவில்லை. கிளாஸை வைத்துவிட்டு, வழக்கம்போல மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"இனிப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு."

எனக்குப் பகிடி விடுகிறாள் என்று முதலில் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். என் சிரிப்பு நின்றதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"கசப்பா?" என்றாள்.

நான் ஓம் என்றேன்.

ஊர்த் தமிழ் பழகி எவ்வளவோ காலமானாலும் பயம் வந்தால் அவளுக்கு முகாம் தமிழ்தான் வரும்.

"எனக்கு ஒண்ணும் தெரியலடி. காய்ச்சல் வந்ததுலேருந்து எதுவுமே தெரியல."

அந்தக் கடுகை அரைத்துக் காட்டியதற்குப் பிறகு மாரியில் வந்த காய்ச்சல். எல்லாருக்கும் வந்தது, எல்லாருக்கும் போனது. அவளுக்கு மணமும் ருசியும் திரும்பவில்லை. நரம்பு தானாகச் சரிவரும், பொறுங்கோ என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இரண்டாம் தரமும் அதையே சொன்னார்களாம். மூன்றாம் தரம் அவள் போகவில்லை. உறைப்பு மட்டும் சுடுமாம், அதுவும் கையில் நெருப்புப் பட்டதுபோல, ருசியாக அல்ல. குசினியில் உப்பைக் கை அளவில் போட்டுக்கொண்டு, சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டு உப்புப் பார் என்பாள். நான் அதைச் செல்லம் என்று நினைத்து வாயைத் திறந்துகொண்டு ஓடியிருக்கிறேன்.

பிறகேன் வந்தாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

விரிப்பைத் தடவிக்கொண்டு சொன்னாள், இதுவரை நாக்கில் படாத சாப்பாடு பட்டாலாவது திடுக்கிட்டு முழிக்குமோ என்று நினைத்தாளாம். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதைத்தான் நேர்ந்துகொண்டு வந்தாளாம். சூப்பின் முதல் கரண்டியிலேயே இல்லை என்று தெரிந்துவிட்டதாம்.

நான் சிவப்புக் கிளாஸை மேசை ஓரத்துக்குத் தள்ளினேன். அவள் மீன் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீ சொல்லு. என்ன மாதிரி இருக்கு?"

ஒரு துண்டு வாயில் வைத்தேன். வெண்ணெய் என்றேன். பிறகு ஏதோ புளிப்பு. தேசிக்காய் மாதிரி, ஆனால் தேசிக்காய் இல்லை. பிறகு ஏதோ இலை வாசம். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புளிப்பு முதல் வருதா, விழுங்கின பிறகா?"

தெரியவில்லை. இன்னொரு துண்டு எடுத்தேன். பிறகுதான் என்றேன். அதற்கடுத்த துண்டில் முதலில் வருவதுபோல இருந்தது. அப்படியும் சொன்னேன். இலை காய்ந்ததா பச்சையா என்று கேட்டாள். அதுவும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியென்றால் பரிசோடு வருகிறவள் நான். அந்த மேசையில் "ஏதோ", "மாதிரி" என்ற இரண்டு சொல்லுக்கு மேலே எனக்குப் போக முடியவில்லை. சாறு ஆறித் தட்டில் உறையத் தொடங்கியது.

விடு என்றாள் அவள். பிறகு என் தட்டில் இருந்ததையும் தன் தட்டில் இருந்ததையும் ஒன்றும் மிச்சம் விடாமல் சாப்பிட்டாள். மருந்து விழுங்குகிற மாதிரி, தாரா இறைச்சியை எலும்புவரை. எல்லாம் நல்லா இருந்ததா என்று வெயிட்டர் வந்து கேட்டார். வெரி குட் என்று அவள்தான் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ் மதவாச்சி தாண்டியபிறகுதான் ஒரு வார்த்தை கதைத்தாள். நீ வேற ஆளைப் பார் என்றாள். வேறு ஆளை நான் பார்க்கவில்லை. யாரைப் பார்க்கிறது?

இப்போது அவள் விடுதிக்கு வருவதில்லை. நானாட்டானில் தகப்பனோடு வயலில் நிற்கிறாள். மத்தியானங்களில் சிலவேளை போன் எடுப்பாள். என்ன சாப்பிடுகிறாய் என்பாள். சோறும் மீன்குழம்பும் என்பேன். "சரியாச் சொல்லு" என்பாள். குழம்பை இன்னொரு வாய் வைத்து, கண்ணை மூடி, அவளுக்காகத் தேடிப் பார்க்கிறேன். புளி என்கிறேன். மீன் என்கிறேன். அந்தப் பக்கம் அவள் காத்துக்கொண்டு நிற்கிறாள், எனக்கு அதற்குமேல் ஒன்றும் வருகுதில்லை.