பவளப்பாறைக்கு மேல வர இருந்த படகுத்துறை

இன்னைக்கு தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்கிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல நின்ன பெரியவர் என்னையே பார்த்தார்.

"ஏம்மா, நீங்க அந்தப் பவளப்பாறை ஸ்டூடண்ட் தானே?"

ராகவன் சார். பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு.

எண்பதுகள்ல நானும் ஸ்டெல்லாவும் யூனிவர்சிட்டில கடல் உயிரியல் படிச்சோம். சனிக்கிழமை ஆனா தெற்குத் தீவுக்குப் படகு ஏறிடுவோம். அளவு நாடாவைப் பாறை மேல விரிச்சு, எங்கெங்க பவளம் உயிரோட இருக்குன்னு வரைபடம் போடுவோம். தலைமுடியெல்லாம் உப்போட, ஸ்டெல்லாவோட அம்மா கட்டிக் குடுத்த நாசி லெமாக் தேங்காப்பால் சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டே திரும்புவோம்.

அந்த இடத்துலயே புதுப் படகுத்துறை கட்டப் போறாங்கன்னு ஒருநாள் தெரிஞ்சுது. அதைக் கட்டுற பொறுப்பு இன்ஜினியர் ராகவன் சாருக்கு. ரெண்டு பேரும் அவர் ஆபீசுக்குப் போனோம். வரைபடத்தைப் பார்த்துட்டு, "எனக்கு வெறும் புள்ளியாத்தான் தெரியுது"ன்னார்.

"அப்ப நேர்ல வந்து பாருங்க சார்"ன்னா ஸ்டெல்லா.

வந்தார். லைஃப் ஜாக்கெட் போட்டு, என்னோட மாஸ்க்கையும் மூச்சுக் குழாயையும் மாட்டிக்கிட்டு இறங்கினார். ரொம்ப நேரம் முகத்தைத் தண்ணியில இருந்து எடுக்கவே இல்ல. படகுல ஏறினதும், "மணல் பக்கமாக் கட்டினா இதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு கேட்டார்.

துறையை மணல் பக்கமாத்தான் கட்டினாங்க.

"பவளம் இன்னும் இருக்கா?"ன்னார் இன்னைக்கு.

"இருக்கு சார். போன மாசம்கூடப் பார்த்தேன்."

சிரிச்சார். "அன்னைக்கு எனக்கு நீச்சலே தெரியாது லா. சொன்னா இறங்க விட மாட்டீங்கன்னு சொல்லல."

ஸ்டெல்லா, இதைப் படிச்சா கீழ கமெண்ட்ல எழுது. நீச்சல் தெரியுமான்னு நாம ரெண்டு பேரும் அவர்கிட்ட கேட்கவே இல்லையா?