நடுப் புத்தகம்

பைண்டர் என்றால் அந்தச் சபையில் ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்தது. அது ஞானஸ்நானப் பதிவேட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நாற்பது வருடமாகப் புத்தகம் கட்டுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கடை ஓர் அச்சகத்துக்குப் பின்னால், ஒரே அறை. ஒரு பக்கம் தாள் வெட்டும் மெஷின், இன்னொரு பக்கம் புத்தகங்களை வைத்து இறுக்கும் அழுத்துப் பலகை, நடுவில் பசை வாளி. அச்சான தாள்கள் மடிக்காமல் வந்து இறங்கும். அவர் மடித்து, அடுக்கி, தைத்து, முதுகில் பசை தடவி, அட்டை போட்டு அனுப்புவார். தாளை எண்ணுகிற வழக்கமெல்லாம் கிடையாது. கட்டைவிரலால் ஓரத்தை ஒரு தடவு தடவிவிட்டு, "இதுல ஒரு தாள் குறையுது" என்பார். எண்ணிப் பார்த்தால் குறைந்துதான் இருக்கும்.

ஒருநாள் கடைக்கு வந்த பாஸ்டர் இதை நம்பாமல், அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பத்துப் புத்தகங்களில் ஒன்றுக்குள் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்தார். உள்ளே வந்த பைண்டர் வரிசையாக விரலை ஓட்டி ஏழாவது புத்தகத்தை எடுத்து நீட்டினார். டிக்கெட் அதில் இருந்தது. பாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அதே அறை வேறு மாதிரி ஆகிவிடும். மெஷினுக்குத் துணி போட்டு மூடிவிட்டு, தாள் கட்டுகளின் மேல் பதினைந்து பேர் உட்காருவார்கள். பைண்டர் அவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பார். எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்ல. கட்ட வந்த புத்தகங்களையெல்லாம் படித்தே வளர்ந்தவர். வேதத்தில் வரும் கடிதங்களில், அதாவது நிருபங்களில், ஒன்றை எடுத்தால், அது இன்று காலைத் தபாலில் வந்தது போலத்தான் பேசுவார். யார் எழுதினது, யாருக்கு, எந்தக் கடுப்பில். "இந்த இடத்துல ஆளுக்கு நல்ல கோவம். பாருங்க, வாக்கியத்தையே முடிக்கல" என்பார். ஜனங்கள் சிரிப்பார்கள், சிரித்தது மறக்காது.

பாஸ்டரின் பிரசங்கத்தில் ஜனங்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அது பாஸ்டருக்கும் தெரியும். அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபமாகிவிடும். ஆனால் அவர் அப்படியல்ல. ஆஸ்பத்திரியில் யார் படுத்தாலும் முதலில் போய் நிற்பது அவர்தான். பேச்சு மட்டும் வராது. வராததை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, எல்லாச் சுமையையும் ஒரே ஆள் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று வாரம் அதையே பிரசங்கமாகச் செய்தார் பாஸ்டர். உடம்பு ஒன்று, உறுப்பு பல. ஆளுக்கொரு வரம், ஆளுக்கொரு பொறுப்பு. நோயாளிகளைப் பார்க்கப் போகிற பொறுப்பு ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மாவுக்குப் போனது. பாட்டு என்றால் பைண்டரின் மனைவி; அதில் யாருக்கும் பேச்சே இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் நிற்கிறவள், ஞாயிறு காலையில் முதல் வரியை எடுத்தாள் என்றால், பின்வரிசையில் ஊர்க்கதை பேசுகிறவர்களும் வாயை மூடுவார்கள்.

மிச்சம் இருந்தது போதக மூப்பர். வேதம் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு. அதற்கு மூன்று பேரைச் சபையார் சொன்னார்கள்: பைண்டர், ஒரு மருந்துக்கடைக்காரர், ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். பைண்டருக்கு அந்தப் பொறுப்பு வேண்டும். இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. பசை வாளியைக் கலக்கும்போதும் வேண்டும், பல் தேய்க்கும்போதும் வேண்டும். பெருமைக்காக அல்ல. தனக்கு வரும் ஒரே வேலை அது என்று அவருக்குத் தெரியும்; புத்தகம் கட்டுவதை அவர் வேலையில் சேர்த்ததே இல்லை.

"மனுஷன் கைய வெச்சா கட்சி வரும். சீட்டுப் போடுவோம். ஆண்டவரே காட்டட்டும்" என்றார் பாஸ்டர்.

ஒரே மாதிரி மூன்று பாட்டுப் புத்தகம். ஒன்றுக்குள் சீட்டு. மூவரும் ஆளுக்கொன்று எடுக்க வேண்டியது. சீட்டு யாரிடம் வருகிறதோ அவர் மூப்பர். புத்தகங்களை வித்தியாசம் தெரியாமல் கறுப்புத் துணியில் கட்டிக்கொடுத்தவர் பைண்டரேதான். வாங்க வந்த பாஸ்டர் ஒரு துண்டு அட்டையும் கேட்டார்.

"நல்லா கெட்டியா குடுங்க."

"சீட்டுக்கு எதுக்கு அட்டை, பாஸ்டர்? மெல்லிசு பேப்பர் போதுமே."

"பேப்பர்னா நழுவிக் கீழ விழுந்துடும்" என்றார் பாஸ்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து மூன்று புத்தகங்களையும் வைத்திருந்தார்கள். ஜெபம் முடிந்தது. "முதல்ல பைண்டர் வாங்க" என்றார் பாஸ்டர். இரண்டாவது வரிசையில் மனைவி கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பைண்டர் கையை நீட்டினார். நடுப் புத்தகத்தின் ஓரத்தில் கட்டைவிரல் பட்டது.

தெரிந்துவிட்டது.

தெரியாமல் இருக்க அவர் என்ன செய்ய முடியும்? அட்டை உள்ளே இருந்தால் புத்தகம் முழுசாக வாய் மூடாது. வேறு யாருக்கும் அது புலப்படாது. அவர் விரலுக்கு அது கூப்பாடு போட்டது. இரண்டு நொடி இருக்கும். எடுத்தால் எல்லாம் கிடைக்கும், ஆனால் அது ஆண்டவர் கொடுத்ததாக இருக்காது, நான் திருடினதாக இருக்கும் என்று நினைத்தார். எனக்கென்று இருந்தால் வேறு வழியில் வரட்டும் என்றும் நினைத்தார். விரலை இடதுபக்கம் நகர்த்தி, அங்கிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் வலதுபக்கத்தை எடுத்தார். மிச்சமிருந்த நடுப் புத்தகத்தை ஏஜெண்ட் விரித்ததும் அட்டை மேஜையில் விழுந்தது. ஏஜெண்டுக்குக் கண் கலங்கியது. தேய்த்து மடித்த கைக்குட்டை ஒன்று பையில் தயாராக இருந்தது.

கடைசிப் பாட்டைப் பைண்டரின் மனைவி எடுக்க வேண்டும். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். வேறு யாரோ தாறுமாறான சுருதியில் தொடங்கி முடித்தார்கள். தொண்டை போய்விட்டது என்றாள். மறுவாரமும் அதையே சொன்னாள். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லாததற்கு மருந்தும் இல்லை. அப்புறம் அவள் பாடவே இல்லை. சலவைக்கூடத்து நீராவி தொண்டையைத் தின்றுவிட்டது என்று பைண்டர் முடிவு கட்டிக்கொண்டார்.

ஏஜெண்ட் மூப்பராகி முதலில் செய்த காரியம் சனிக்கிழமை வகுப்பில் கை வைத்ததுதான். "பிரதர், தப்பா எடுத்துக்காதீங்க. போதிக்கிறது ஒரு பொறுப்பு. அது ஒரு இடத்துலதான் நடக்கணும்." வகுப்பு சபை மண்டபத்துக்கு மாறியது. ஏஜெண்ட் அச்சடித்த குறிப்பை வைத்துக்கொண்டு, பாலிசி நிபந்தனை வாசிப்பது போல வாசித்தார். பதினைந்து பேர் எட்டானார்கள், எட்டு மூன்றானது, பிறகு சனிக்கிழமை மண்டபத்தைப் பூட்டியே வைத்தார்கள். பைண்டருக்கு உதவிப் பணி என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அதாவது, ஆராதனைக்கு முன்னால் எண்பது நாற்காலி போட வேண்டும், முடிந்ததும் அடுக்க வேண்டும், கிழிந்த பாட்டுப் புத்தகங்களை ஒட்ட வேண்டும். நாற்காலி போடுவதும் ஒரு வரம்தான் என்று ஏஜெண்ட் மேடையிலிருந்து சொன்னார். அந்த வரத்தை ஏஜெண்ட் தனக்கென்று ஒருநாளும் நாடவில்லை.

சனிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு பெண். புருஷனைத் திடீரென்று பறிகொடுத்தவள். ஒருநாள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பைண்டரிடம் வந்து நின்றாள். "அண்ணே, செத்தவங்களுக்கு நாம இங்க அழுறது தெரியுமா?" என்று கேட்டாள். அவரிடம் அதற்குச் சொல்ல ஒரு மணிநேரப் பேச்சு இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. "மூப்பரைக் கேளும்மா" என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மூப்பரைக் கேட்டாளா தெரியாது. இரண்டு மாதத்தில் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அதை நினைத்தால் இன்றும் அவருக்குச் சோறு இறங்காது.

எதை வைத்துக்கொண்டு பதினாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார் என்றால், ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டுதான். அந்த இரண்டு நொடி. நான் விட்டுக்கொடுத்தேன், அது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பீற்றிக்கொண்டதாகிவிடும், அதோடு அதன் மதிப்பு போய்விடும் என்று பயந்தார். ஏஜெண்ட் மேடையில் உளறும்போதெல்லாம் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொள்வார்.

பாஸ்டர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போகிற நாள் வந்தது. ஆராதனை முடிந்ததும் வழியனுப்பு. பாஸ்டர் கடைசியாக மைக்கைப் பிடித்தார்.

"இத்தனை வருஷமா மனசுக்குள்ளயே வெச்சிருந்த ஒண்ணை இன்னைக்குச் சொல்லிடறேன். நம்ம பைண்டரைப் பத்தி."

நாற்காலிகளுக்குப் பின்னால், சுவரோரம் நின்றிருந்தார் பைண்டர். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னைக்குச் சீட்டுப் போட்டோமே, ஞாபகம் இருக்கா? இவரைத்தான் மூப்பராக்கணும்னு ஆளாளுக்கு என்னை நெருக்கினீங்க. எனக்கு ஒரு தயக்கம். ஜனங்க இவர் பின்னாடி ஓடுறாங்களே, தாங்குவாரான்னு. வேண்டாம்னு சொன்னா உங்க வாய்க்கு நான் பதில் சொல்லணும். அதனாலதான் கெட்டி அட்டையா வெச்சு, இவரை முதல்ல கூப்பிட்டேன். இவர் விரல் லேசுப்பட்டது இல்ல, எனக்குத் தெரியும். பஸ் டிக்கெட்டையே கண்டுபிடிச்ச ஆளு." பாஸ்டர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. "தெரிஞ்சே எடுத்தார்னா ஆளு அவ்வளவுதான். அட்டைய தூக்கிக் காட்டி அங்கேயே சொல்லியிருப்பேன், மறுபடியும் போட்டிருப்போம். எடுக்கலன்னா, உத்தமன். எப்படிப் பார்த்தாலும் சபைக்கு நல்லதுதான். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். விரல் நடுவுல பட்டுச்சு, நின்னுச்சு, நகர்ந்துச்சு. அன்னைக்கு நான் வீட்டுக்குப் போய் அழுதேன். இப்படி ஒரு மனுஷனை நமக்குக் குடுத்தாரேன்னு."

பாஸ்டருக்கு நிஜமாகவே குரல் உடைந்தது. அதுதான் சகிக்க முடியாததாக இருந்தது. மேடையில் உட்கார்ந்திருந்த ஏஜெண்டின் முகம் சுண்டிப்போனது. தனக்குக் கிடைத்த அழைப்பு இன்னொருவர் தொட்டுவிட்டு வைத்தது என்று அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. ஆனாலும் கை தட்டினார். சபை முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது.

பைண்டருக்கு ஒன்றுதான் தோன்றியது. எடுத்திருந்தாலும் கிடைத்திருக்காது. எடுக்காததால் கிடைக்கவில்லை. தனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருந்ததாக நினைத்த இடத்தில் முதல் நாளிலிருந்தே பாஸ்டர் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான். அதையும் எடுத்துப் பாராட்டாக்கி எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டார்கள்.

யாரோ மைக்கைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். "ரெண்டு வார்த்தை சொல்லுங்க, பைண்டர்." பதினாலு வருஷத்துப் பேச்சு உள்ளே இருந்தது. வாயைத் திறந்தார்.

"நாற்காலிய அடுக்கணும்" என்றார்.

அதற்கும் சிரித்தார்கள், அதற்கும் கை தட்டினார்கள். என்ன தாழ்மை என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எண்பது நாற்காலியையும் அடுக்கிவிட்டு அவர் வெளியே வந்தபோது, மனைவி கேட்டுக்கு அருகில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பூட்டிய கடைகளையும் பெட்ரோல் பங்கையும் தாண்டினார்கள். நிறுத்தத்து நிழலுக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"பாஸ்டர் சொன்னது நெஜமா?"

"ம்."

"கையில பட்டுதா?"

"பட்டுது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா பெருமை பேசின மாதிரி ஆயிடும்னு…"

"எந் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கும் ஒண்ணும் இல்ல. உங்களை விட்டுட்டு அந்த ஆளைப் போய்க் காட்டினாரேன்னு எனக்கு ஆண்டவர் மேல ஆத்திரம். அவருக்கு இனி நான் பாடறதில்லன்னு அந்த நிமிஷம் வாய மூடினேன். பதினாலு வருஷம். வீட்டுல தனியா இருக்கும்போதுகூடப் பாடல." பஸ் வரும் பக்கம் பார்த்தாள். "நீங்க பண்ணினதுக்கு நான் அவர்கிட்ட கோவிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

பைண்டர் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"இப்ப பாடலாமே" என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவர் காதிலேயே விழுந்தது.

"இந்த வயசுல எங்கேருந்து குரல் வரும்?" என்றாள். "பஸ் வருது. கையக் காட்டுங்க."

அவர் வலது கையை நீட்டினார். பஸ் நின்றது. பின்பக்கம் இரண்டு பேர் உட்காரும் சீட்டு ஒன்று முழுசாகக் காலியாக இருந்தது. அவள் முன்னால் போய், முன்பின் தெரியாத ஒரு பெண்ணை நகரச் சொல்லி, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.