கிரீடம் வைத்த நைனா

நேற்று பூந்தமல்லி பேன்சி ஸ்டோரில், பேத்தியின் பள்ளி ஆண்டுவிழாவுக்காக முகத்தில் பூசுகிற வண்ண டப்பாவைத் திறந்து காட்டினார்கள். எண்ணெயில் குழைத்த அரிதார வாசனை. அவ்வளவுதான், பிடரியில் சில்லென்றது. "இன்னாம்மா, மயக்கமா?" என்றாள் கடைப்பெண். நான் எதற்கும் பயப்படுகிறவள்தான். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிற ஆள். ஆனால் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

என் சின்ன வயதில், எங்கள் ஊர் நூம்பலில் ஆடித் திருவிழாவுக்கு எங்கள் தெருக்காரர்களே நாடகம் போடுவார்கள். ராஜா வேஷம் எப்போதும் என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு. வீட்டிலும் அவர் ராஜாதான். செருப்புச் சத்தம் கேட்டாலே அம்மா ரேடியோவை நிறுத்திவிடுவாள். அந்த வருஷக் கதையில், குற்றம் செய்த மகனுக்கு ராஜாவே மரண தண்டனை சொல்ல வேண்டும். மகனாக நடிக்கவிருந்த பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. ஏழாவதோடு படிப்பை விட்டு வீட்டில் கிடந்த என் முகத்தில் அரிதாரம் பூசி, தலையில் முண்டாசைக் கட்டிவிட்டார்கள்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: அம்மனுக்கு முன்னால் கிரீடம் வைத்துவிட்டால் கதை முடியாமல் கழற்றக் கூடாது. உறவு சொல்லியும் கூப்பிடக் கூடாது. "மேடையில நைனான்னு வாயத் தொறந்தே, தோல உரிச்சுடுவேன்" என்றிருந்தார்.

கதையில் என் தலையை வெட்டுகிறவர் கறிக்கடை ஏழுமலை மாமா. மரக்கத்தி ஒத்திகையிலேயே உடைந்துபோக, யாரிடமும் சொல்லாமல் கடைக் கத்தியையே கொண்டுவந்துவிட்டார். பக்கத்தில் வந்ததும் குப்பென்று சாராய நெடி.

"பயப்படாத கண்ணு, கய்த்தாண்ட நிறுத்திக்கிறேன்."

கத்தியில் ஆட்டு ரோமம் ஒட்டியிருந்தது.

"நைனா!" என்று அலறிவிட்டேன்.

ராஜா கத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வசனம் வரவில்லை. "இன்னா ராஜா, மறந்துட்டியா?" என்று கூட்டத்தில் எவனோ விசிலடித்தான். கிரீடத்துக்குப் போன கை பாதியில் நின்றது. பிறகு சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து, என் பிடரியில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். அது நடுங்கியது. அவருக்கு நடுங்க வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வெட்டு!" என்றார்.

கத்தி அவர் விரல்களில் இறங்கியது. சனம் அதையும் கதை என்று நினைத்துக் கைதட்டியது.

திரைக்குப் பின்னால், கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "யாரக் கேட்டுடி கூப்ட்டே?" என்று அதட்டினார். அடிக்கவில்லை. சுண்டுவிரல் அதற்கப்புறம் மடங்கவே இல்லை. அடுத்த ஆடிக்கு அவர் கிரீடம் வைக்கவில்லை; ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

நாடகம் போட்ட மைதானத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதன் லிப்டில் ஏறவும் எனக்கு உதறல். நைனா போய் வெகுகாலம். பயப்பட இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பயந்தால் கூப்பிடத்தான் ஆளில்லை.