கட்டளையின் வால்

நாம் அருகில் இல்லாதபோதும் பிள்ளை நாம் சொன்னபடி நடக்க, எதை முதலில் சொல்லிவைக்க வேண்டும்? இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், மகனுக்கு எட்டு மாதம் ஆனதும், மதுரையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிறுவனத்தில் சேர்ந்தேன். சிம்மக்கல்லில் ஒரு மொத்த மருந்துக் கடைக்கு, கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய பில் புரோகிராம் என் பொறுப்பு.

காலையில் நன்றாக ஓடும். மதியக் கூட்டத்தில் நின்றுவிடும். சரக்கைத் தேடும் ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளே ஒரு கதவு திறக்கும். மூடாமல் விட்டால், திறந்த கதவுகள் குவிந்துபோய் இனி இடமில்லை என்று கம்ப்யூட்டர் மறுத்துவிடும். மூடச் சொல்லும் ஆப்ஷனை, புரோகிராமைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவுக்கு மாற்றும், அதாவது கம்பைல் செய்யும் கட்டளையின் கடைசியில் வால் போலச் சேர்த்து அடிக்க வேண்டும். தள்ளுபடி மாறும்போதெல்லாம் கடை ஆபரேட்டர் அண்ணன்தான் கம்பைல் செய்வார்.

"வாலு மறுபடி விட்டுப்போச்சு தங்கச்சி. இந்தக் கூட்டத்துல எம்புட்டத்தான் ஞாபகம் வச்சுக்கிறது?" என்பார்.

இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் எனக்கு வேலை இல்லை என்றார் மேலாளர். பதற்றத்தோடு பூத்திலிருந்து எங்கள் ஊர் கீழக்குயில்குடிக்குப் போன் செய்து, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாமியாரிடம், அவனுக்குத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுக்கும்படி சொன்னேன்.

"தெனமும் இதையே சொல்லுறியே! ஒம் புருஷன நான் யாரக் கேட்டு வளத்தேன்? போயி அந்தக் கோபாலப் பாரு!"

சுருக்கென்றது. ஆனால் உண்மைதானே? வெளியே நின்று நினைவூட்டினால் எத்தனை நாள் தாங்கும்? அந்த வாலைப் புரோகிராமுக்கு உள்ளேயே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மேனுவலில் வழி இருந்தது. பில் போடும் பகுதிக்கு மேலே ஆப்ஷனை எழுதினேன். மறுநாளும் நின்றது! விடவில்லை, மறுபடி படித்தேன். எது முதலில் ஓடுகிறது என்பது முக்கியமில்லை. எழுதிய இடத்துக்குக் கீழே உள்ள வரிகளைத்தான் அது கட்டுப்படுத்தும். சரக்கைத் தேடும் கேள்விகளோ அதற்கு மேலே இருந்தன. முதல் கேள்விக்கும் முன்னால் அந்த வரியைக் கொண்டுபோய் வைத்தேன்.

"அண்ணே, வால் வேண்டாம். சும்மா அடிங்க."

கூட்டம் வந்தது, கலைந்தது. பில் நிற்கவில்லை.

"வாலு இல்லாமலே ஓடுதே தங்கச்சி!" என்று அவர் சிரித்த பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

வேலை நிலைத்தது. இப்போது வீட்டில் இருப்பதும் ஒரு வால்தான். ஜூனில் மகன் பள்ளிக்குப் போகிறான். இனி நான் சொல்வது எதுவும் அவனுக்குள் ஏற்கெனவே எழுதிய வரிகளைத் தொடாது என்ற பயம் மட்டும் போகவில்லை. பிள்ளை வளர்த்தவர்களே, முதல் வரியாக நீங்கள் எதை எழுதினீர்கள்? எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்.