சிவப்புப் பொட்டுக்காரன்

கிருஷ்ணப்பன் பீன்ஸை ஒடித்துக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். டப்பென்று ஒடிந்தால் இன்றைக்குப் பறித்தது, சத்தமில்லாமல் வளைந்தால் நேற்றையது. குவியலின் மேலிருந்து ஒன்று, நடுவில் கையை விட்டு ஒன்று, சாக்கை ஒட்டி அடியிலிருந்து ஒன்று. ஓசூர் உழவர் சந்தையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முதுகில் இடித்துக்கொண்டு போகிறது. ஆள் நகரவில்லை. தளியிலிருந்து காய் கொண்டுவரும் செல்லி தராசைப் பிடித்தபடியே பார்த்தாள், பார்த்தாள், பிறகு சந்தைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஏண்ணா, பீன்ஸ் வாங்க வந்தியா, அதுக்கு ஜாதகம் பாக்க வந்தியா?"

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒடித்ததையும் சேர்த்துப் போடச் சொன்னான், தான் பொருளை வீணாக்குகிறவன் இல்லை என்றான். அப்புறம் சுரைக்காய்க்கு நகர்ந்தான். நகத்தால் லேசாகக் கீறி, தட்டி, தூக்கி எடை பார்த்து, சட்டைப் பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்து அதன் அடியில் ஒரு புள்ளி வைத்துத் தள்ளி வைத்தான். தள்ளியதை மறுபடியும் தன் தலையிலேயே கட்டிவிடக் கூடாது என்பதற்கோசரம் இந்த ஏற்பாடு. செல்லிக்கு இது பழக்கம்தான். பக்கத்தில் வந்து நின்ற அம்மாளுக்கு அதே சுரைக்காயை எடுத்து நீட்டினாள். "இவரு பொட்டு வெச்சதையெல்லாம் ஊருக்கு வித்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தர் வயிறும் இதுவரைக்கும் வலிக்கல" என்று சொல்லிக்கொண்டே பையில் போட்டாள்.

சந்தையில் அவனுக்குப் பெயரே சிவப்புப் பொட்டுக்காரன்.

வேலை அப்படி. சிப்காட்டில் வண்டிகளுக்குப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில், வெளியிலிருந்து வந்து இறங்குகிற சாமானைச் சோதித்து உள்ளே விடுகிறவன் அவன். நல்லதுக்குப் பச்சைப் புள்ளி, ஆகாததுக்குச் சிவப்புப் புள்ளி. மூன்றாவதாக ஒரு மஞ்சளும் உண்டு. சாமான் அளவில் மயிரிழை கூடக்குறைய இருக்கும், திருப்பி அனுப்பினால் லைன் நின்றுபோகும். அப்போது பெரிய மேனேஜர் இறங்கி வந்து, ஓடுவதற்கு ஒன்றும் கெட்டுப்போகாது, விடு என்று கையெழுத்துப் போடுவார். டீவியேஷன் என்று அதற்குப் பெயர். அந்தச் சாமானுக்கு மஞ்சள் புள்ளி. இத்தனை வருஷ சர்வீஸில் கிருஷ்ணப்பன் ஒரு மஞ்சள் புள்ளிகூட வைத்ததில்லை. மூடியைக் கழற்றி மேனேஜர் பக்கமே நீட்டிவிடுவான். "நீங்களே வெச்சிடுங்க சார். என் கைக்கு அது வராது."

கம்பெனிதான் அவனை இப்படி ஆக்கிவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் குடும்பம் தெரியாது. கெலவரப்பள்ளி அணைக்கு இந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த முனிசாமியின் இரண்டாவது மகன் இவன். முனிசாமியின் பெரியப்பன் ஜோடி மாடு பிடிக்கிறேன் என்று சந்தை சந்தையாகப் போய், பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, வருஷா வருஷம் வெறும் கயிற்றோடு திரும்பி வந்த மனுஷன். மாடு வந்து சேருவதற்குள் ஊரில் டிராக்டர் வந்துவிட்டது. அதையும் சுற்றிச் சுற்றி வந்து, டயர் சரியில்லை என்று சொன்னாராம். அந்த ரத்தம் எங்கே போகும்?

வினோதா அவனுக்குத் தாய்மாமன் மகள். நாட்றாம்பாளையத்துப் பெண். அந்தப் பக்கத்து ஜனம் வேறு மாதிரி. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரும், சொத்தையை மாட்டுக்கு வெட்டிப் போடும், மிச்சத்தைக் குழம்பு வைக்கும். உரிமைப் பெண் என்பதால் பெண் பார்க்கிற சடங்கே நடக்கவில்லை. கிருஷ்ணப்பன் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தது தன்னை மட்டும்தான் என்று வினோதா சொல்லிச் சிரிப்பாள். முன்னெல்லாம் சிரிப்பாள். இப்போது அதையே சொல்லும்போது பல்லைக் கடிப்பது தெரிகிறது.

அவனோடு ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கப் போனால் போதும், யாருக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றும். கடையின் டைல்ஸ் தரையில் ஒவ்வொரு டம்ளராகக் கவிழ்த்து, நிமிர்த்து, விரலால் சுண்டி ஆடுகிறதா என்று பார்ப்பான். பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். வினோதா பக்கத்துக் கடைப் பாத்திரங்களைப் பார்க்கிற மாதிரி தள்ளிப் போய் நின்றுகொள்வாள். ஆனால் ஆடாத டம்ளர் ஒன்று கிடைத்துவிட்டால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வருவான். சாயங்காலம் அதில் காபி குடித்துவிட்டு, "பாத்தியா, எப்படி உக்காந்திருக்குது பாரு" என்பான், ஏதோ பெற்ற பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி.

டம்ளர் வரைக்கும் வினோதா பொறுத்தாள். துணி துவைக்கிற மிஷினில்தான் பொறுமை போயிற்று.

அவள் தளி ரோட்டில் ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்கிற ரோஜா. விடியற்காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். கையுறை கொடுக்கிறார்கள்தான், ஆனாலும் முள் அதைத் தாண்டி வந்துவிடும். அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து, ஓசூர்ப் பனிக்கு ஐஸாகக் கிடக்கும் போர் தண்ணீரில், ஆயில் கறை ஏறிய அவனுடைய நீல யூனிபாரத்தைக் கும்மித் துவைக்க வேண்டும். விரல் கணு ஒவ்வொன்றும் வீங்கி, வெடித்து, இரவில் கை மூடவே முடியவில்லை. டாக்டரம்மா கையைத் தண்ணீரில் போடாதே என்று சொல்லிவிட்டாள். போடாமல் யார் போடுவது? ஒரு நாள் கையை விரித்து அவன் முன்னால் நீட்டினாள்.

"முள்ளு குத்தின கைய சோப்புத் தண்ணியில வெச்சா எப்படி இருக்கும்னு ஒரு தடவ செக் பண்ணிப் பாரு மாமா."

 அந்த வாரமே பாகலூர் ரோட்டுக் கடையில் மிஷினுக்குச் சொல்லிவிட்டான். அவனுக்கு இரக்கம் இல்லை என்று சொன்னால் அது பொய். இரக்கமும் சோதித்துத்தான் வெளியே வரும், அவ்வளவுதான்.

முதல் மிஷின் வந்தது. புதுச் சாமான் வந்தால் மஞ்சள் குங்குமம் வைப்பது வழக்கம், வினோதா தட்டோடு வாசலில் நின்றாள். கிருஷ்ணப்பன் அட்டையைப் பிரிக்க வைத்து, டார்ச் அடித்து, நான்கு பக்கமும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தான். வலது பக்கம், கீழே, கட்டைவிரல் நின்றது. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நெளிவு. பின்புறம் சிவப்புப் புள்ளி விழுந்தது. இறக்கிய ஆட்கள் மறுபடி ஏற்றிக்கொண்டு போனார்கள். தட்டு வீட்டுக்குள் போயிற்று.

கடைக்காரருக்குக் கிடங்கு பார்டர் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம். அங்கிருந்து அடுத்தது வர வேண்டும் என்றார். கம்பெனி நம்பருக்குப் போன் போட்டால் கர்நாடகா டவரை எடுத்துக்கொண்டு கன்னடத்தில் பேசியது. கிருஷ்ணப்பன் கன்னடத்திலேயே பதில் சொன்னான். அவர்கள் பின்கோடு கேட்டார்கள். சொன்னதும், இது தமிழ்நாடு, இருங்கள் என்று வேறு எங்கோ மாற்றினார்கள், அங்கே இந்தி வந்தது. நடுவில் பாட்டு. இப்படியே அவன் பாட்டு கேட்டுக்கொண்டிருக்க, வினோதா துவைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது மிஷினும் வந்தது. உடம்பில் பழுதில்லை. கதவைச் சாத்தும்போது ஒரு பக்கம் உரசுகிறது என்றான். வந்த ஆள் காதை வைத்துப் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றான். வினோதாவுக்கும் கேட்கவில்லை. கிருஷ்ணப்பனுக்குக் கேட்டது. அதுவும் போயிற்று, தட்டும் உள்ளே போயிற்று. அன்றைக்கு அவள் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லுக்குப் போய்விட்டாள்.

மாடி வீட்டில் யுவஸ்ரீ குடியிருக்கிறாள். புருஷன் தெற்கத்திக்காரன், அவனும் சிப்காட்டில்தான். ஒரு நாள் வினோதா கீழே துவைக்கிற கல்லில் முனகுவதைக் கேட்டு, தங்கள் மிஷினில் போட்டுக்கொள்ளச் சொல்லி அவளை மேலே கூப்பிட்டாள். போன வாரம்தான் வாங்கினார்களாம். கடையில் மூலையில் நின்றிருந்ததாம், லேசாக நெளிந்திருக்கிறது என்று விலையில் தள்ளிக் கொடுத்தார்களாம். வினோதா மிஷினைச் சுற்றிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யுவஸ்ரீக்குப் புரியவில்லை. வாசலில் இருந்து திருப்பி அனுப்பியது அதே வாசலைத் தாண்டி, அதே படியேறி, இவள் தலைக்கு மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. மேலே அது ஓட ஓட, கீழே இவள் கை வெடித்திருக்கிறது.

முதல் ஷிப்டு முடிந்து வந்த கிருஷ்ணப்பன் கல்லைப் பார்த்தான், காய்ந்து கிடந்தது. கொடியைப் பார்த்தான், வெறுமை. மாடியிலிருந்து குரல் கேட்டு ஏறிப் போனான். கண்ணாடிக் கதவுக்குள் அவனுடைய நீலச் சட்டை சுற்றிக்கொண்டிருந்தது. குனிந்து வலது பக்கம் தடவினான். கட்டைவிரல் போய் உட்கார்ந்துகொண்டது.

"இது..." என்றான்.

"ஆமா. நம்முதுதான்" என்றாள் வினோதா.

யுவஸ்ரீ பாவம், ஒன்றும் தெரியாதவள். விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்: "ஓடுற சத்தமே இல்லைங்கண்ணா. கறையெல்லாம் நல்லாப் போகுது."

அவன் தண்ணீர் கேட்டான். ஆட்டமில்லாத டம்ளரா என்று கூடப் பார்க்கவில்லை, வாங்கிக் குடிக்காமல் மிஷின் தலைமேல் வைத்தான். உள்ளே துணி பிழிகிற வேகத்தில் சுற்றியது. டம்ளரில் தண்ணீர் கொஞ்சம் சிலிர்த்தது, சிந்தவில்லை. சுற்று நிற்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கிப் போனான்.

பின்னாலேயே ஈரத்துணியோடு வந்த வினோதா படியில் நின்று சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"அடுத்ததையும் திருப்பி அனுப்பு மாமா, வேண்டாங்கல. நான் தெனமும் பக்கெட்டத் தூக்கிட்டு மேல போறேன். தெருவே பாக்கட்டும். உன் சட்டைய மட்டும் கீழ வெச்சிட்டுப் போறேன், நீ செக் பண்ணிக்கிட்டே தொவச்சுக்கோ."

அவன் கொடிக்கயிற்றை இழுத்துப் பார்த்தான், தொய்வு இருக்கிறதா என்று.

மூன்றாவது மிஷின் வந்தது. கொண்டுவந்தவர்கள் பழைய ஆட்களே. ஆட்டோவில் கட்டிய கயிற்றை முழுசாகக்கூட அவிழ்க்கவில்லை, பாதியை அப்படியே விட்டுவைத்தார்கள், எப்படியும் ஏற்றத்தானே போகிறோம் என்று. ஒருவன் படியில் உட்கார்ந்து பீடியே பற்ற வைத்துவிட்டான். மேலிருந்து யுவஸ்ரீ கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தாள். வினோதா வேனிலிருந்து இறங்கிய கையோடு வந்து நின்றாள். ஒரு கையில் இரண்டு விரலுக்குப் பிளாஸ்திரி. மற்றொரு கையில் மஞ்சள் குங்குமத் தட்டு. உள்ளே எடுத்துப் போகத் தயாராக, வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றாள்.

கிருஷ்ணப்பன் டார்ச் அடித்தான். கதவைத் திறந்து மூடினான், உரசவில்லை. பின்புறம் பார்த்தான். வலது பக்கம் தடவினான், வழவழவென்று போயிற்று. இடது பக்கம் தடவினான். மேலிருந்து பாதி தூரம் வந்த உள்ளங்கை நின்றது. விரல் திரும்பிப் போய்த் தேடிப் பார்த்தது. நெளிவு. முதல் மிஷினில் இருந்ததைவிடக் கொஞ்சம் பெரிசு.

வினோதா அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நின்றதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பெருமூச்சு விட்டுத் தட்டோடு திரும்பினாள். பீடி குடித்தவன் எழுந்து கயிற்றைக் கையில் எடுத்தான்.

"என்ன சார், ஏத்திடலாமா?"

கிருஷ்ணப்பன் கை சட்டைப் பைக்குப் போயிற்று. மார்க்கரின் மூடி வரைக்கும் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் வெறும் கையாக வெளியே வந்தது.

"வினோதா" என்று கூப்பிட்டான். அவள் திரும்பினாள். தட்டை இங்கே கொண்டு வா என்று தலையை அசைத்தான். அவள் கொண்டுவந்து நீட்டினாள். அவன் அவளுடைய பிளாஸ்திரி விரல்களைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். குங்குமத்தின் பக்கம் போகவில்லை. விரல் நுனியில் மஞ்சளைத் தொட்டு, குனிந்து, சரியாக அந்த நெளிவின் மேலேயே ஒரு புள்ளி வைத்தான்.