ஜெசிந்தா ஆன்ட்டியின் இருபது சுற்றுகள்

நடந்த எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதப்போகிறேன், நான் செய்ததையும் சேர்த்து. ஜெசிந்தா ஆன்ட்டியைப் பற்றி நம் தமிழ் மன்ற இதழுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். நல்ல வார்த்தைகளை இரங்கல் கூட்டத்தில் மோகன் அங்கிள் வேண்டிய மட்டும் சொல்லிவிட்டார். ஆகவே நான் மற்றதை எழுதுகிறேன். மோகன் அங்கிள், இந்த இதழ் உங்கள் வீட்டுக்கும் வரும் என்பது எனக்குத் தெரியும்.

செய்தி வந்தபோது நான் கணக்குத் திருப்புதல் தேர்வுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒரு காலில் மட்டும் ஷூ போட்டிருந்தேன். தொலைபேசியை எடுத்த அம்மா, "எப்பம்மா? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சுபா, ஜெசிந்தா ஆன்ட்டி போயிட்டாவட்டி. காப்பி போட எந்திரிச்சவுக அப்படியே சாஞ்சிட்டாவளாம்" என்றாள். பேசியது ஆன்ட்டியின் தங்கை லூர்து ஆன்ட்டி. நான் இன்னொரு ஷூவையும் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போனேன். முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை எழுதினேன். அழுகை வரவில்லை. மோகன் அங்கிள் தப்பித்துவிட்டார் என்பதுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது.

மன்றத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெசிந்தா ஆன்ட்டியுடையது மூன்று தலைமுறையாக செகந்தராபாத்தில் இருக்கும் குடும்பம். மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவர். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று ஒரு நாள் தவறாமல் எழுதி ஓய்வு பெற்றவர். போன வருடம் மோகன் அங்கிள் நம் மன்றத்தின் பெயரில் ஒரு கார்ட் பந்தய அணியைத் தொடங்கினார். கார்ட் என்பது தரையோடு தரையாக ஓடும், கூரையில்லாத சின்னப் பந்தய வண்டி. நகரத்துக்கு வெளியே புதிதாகப் போட்ட தளத்தில் நான்கு அணிகள் மோதும் தொடர் அது. வண்டி ஓட்ட என் அண்ணன் முத்து. நேரம் பார்க்க ஜெசிந்தா ஆன்ட்டி. ஆன்ட்டி சொல்லச் சொல்ல எழுத நான்.

தொடருக்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சோதனை ஓட்டத்துக்கு என்று விட்டிருந்தார்கள். முதல் ஞாயிறு ஆன்ட்டி கையில் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். தொழிற்சாலையில் வீணாய்ப்போன மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவுத் தாள்கள். ஒரு தொழிலாளிக்கு ஒரு வரிசை, மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். "வரிசை ஒண்ணுக்கு ஒரு ஓட்டம், கட்டம் ஒண்ணுக்கு ஒரு சுத்து. புரிஞ்சுதா மா?" என்றார். எல்லாச் சுற்றையும் எதற்கு எழுத வேண்டும், வேகமான சுற்றை மட்டும் எழுதினால் போதாதா என்று கேட்டேன்.

"நக்கோ, வேணாம். எங்க ஃபேக்டரியில ஒருத்தன் இருந்தான். மாசத்துல ஒரே ஒரு நாள் விடிஞ்சதும் வந்து கேட்டுல நிப்பான், மேனேஜர் கண்ணுல படட்டும்னு. மீதி நாளெல்லாம் லேட். மேனேஜருக்கு அவன் தங்கம். மாசக் கடைசியில முழு மஸ்டரையும் நான் கொண்டுபோய் வச்சதும் தங்கம் பித்தளையாயிடும்."

அன்று வேகப் பட்டியலில் நாங்கள் முதல் இடம். மௌலா அலியிலிருந்து வந்த ரயில்வே குடியிருப்புப் பையன்கள் மூன்றாவது இடம். அவர்கள் வண்டிக்குப் பளபளப்பான பெயிண்ட்கூட இல்லை. ஆனால் அவர்களுடைய வரிசையில் கட்டத்துக்குக் கட்டம் ஐம்பது விநாடி, ஐம்பது புள்ளி ஒன்று, ஐம்பது என்றே வந்தது. இருபது சுற்று ஓடுவார்கள், நிறுத்துவார்கள், சங்கிலியைக் கழற்றி மாட்டுவார்கள், மறுபடி இருபது சுற்று ஓடுவார்கள். ஆன்ட்டி பென்சிலால் அந்த வரிசையைத் தட்டிக் காட்டி, "கப் இவங்களுக்குத்தான்" என்றார். மோகன் அங்கிளின் நண்பர்கள் சிரித்தார்கள். "ஏன் ஆன்ட்டி, அவங்க மூணாவதுங்க!" என்று ஒருவர் சொன்னார். "ஹவ், ஆமா. அவங்க டெஸ்ட் பண்ண வந்திருக்காங்க. நீங்க போட்டோ எடுக்க வந்திருக்கீங்க" என்றார் ஆன்ட்டி. உண்மையில் அப்போது அங்கிளின் நண்பர்கள் எங்கள் வண்டியின் முன் நின்று போட்டோதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வேகத்தின் ரகசியத்தை அவர் கண்டுபிடித்தது அடுத்த ஞாயிறு. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து இவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று பந்தயத்தில் விதி உண்டு. என் அண்ணன் ஒல்லி. அதனால் இருக்கைக்குப் பின்னால் ஈயத் தகடுகளை மாட்ட வேண்டும். எடை குறைந்தால் வேகம் கூடும்; சோதனையில் யாரும் எடை பார்ப்பதில்லை. கூடாரத்தில் பெஞ்சுக்கு அடியில் காலை நீட்டிய ஆன்ட்டிக்கு ஏதோ இடறியது. குனிந்து பார்த்தார். "மோகன், ஈயம் எல்லாம் இங்க என் காலுக்குக் கீழ கிடக்கு. அங்க ஓடுறது என்ன?" என்று கேட்டார். மோகன் அங்கிள், "சாயங்காலம் எங்க கம்பெனியிலிருந்து ஸ்பான்சர் பண்ற ஆளு வர்றாருங்க. அவருக்கு ஒரு நல்ல நம்பர் காட்டோணும். அவ்வளவுதான்" என்றார்.

மதியம் அங்கிளும் நண்பர்களும் பிரியாணி சாப்பிடப் போனார்கள். ஆன்ட்டி அண்ணனைக் கூப்பிட்டு, "ஈயத்தை மாட்டு. அவங்க திரும்பறதுக்குள்ள இருபது சுத்து ஓட்டு. பந்தயம் இருபது சுத்துதானே?" என்றார். அண்ணன் ஓட்டினான். நான் எழுதினேன். பன்னிரண்டு சுற்று வரை நாற்பத்தொன்பதரையைச் சுற்றியே வந்தது. பதின்மூன்றிலிருந்து நேரம் ஏற ஆரம்பித்தது. இருபதாவது சுற்று ஐம்பத்து மூன்று. வண்டி வந்து நின்றதும் ஆன்ட்டி பக்கத்தில் போய் மோந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி அவரே எழுதினார்: "13 முதல் பின்பக்கம் கிரீஸ் கருகும் வாசனை. பேரிங் பார்க்கவும்."

அங்கிள் திரும்பி வந்ததும் ஆன்ட்டி நேராக அவரிடம் போய்ச் சொன்னார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். மோகன் அங்கிள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: "ஆன்ட்டி, நீங்க ஃபேக்டரி கேட்டுல கார்டு பஞ்ச் பண்ணவங்க. இது ரேஸுங்க. பசங்க மனசைக் கெடுக்காதீங்க."

"மனசு கெட்டா சமாதானம் சொல்லலாம். பேரிங் கெட்டா யார்கிட்ட சொல்றது?" என்றார் ஆன்ட்டி.

அவர் கை கழுவப் போனபோது மோகன் அங்கிள் என்னிடம் வந்தார். "கண்ணு, உன்ற கையெழுத்து அச்சடிச்சாப்ல இருக்குது. ஸ்பான்சருக்கு ஒரே பக்கம் எழுதிக் குடு. நாலு அணி, நாலு நம்பர். மத்ததெல்லாம் அந்த ஆளுக்கு எதுக்கு?" என்றார். "பேரிங், அங்கிள்?" என்றேன். "அதை நான் மெக்கானிக்குகிட்ட சொல்லிக்கறேன்." அண்ணனும் என் காதருகில், "எழுதுட்டி, இப்ப போய் இவுக வண்டியை நிப்பாட்டிட்டா நான் இந்த வருசம் ஓட்டவே முடியாது" என்றான். எழுதினேன். எங்கள் அணிக்கு எதிரே ஈயம் இல்லாமல் ஓடிய நாற்பத்தெட்டு புள்ளி இரண்டை எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டேன். ஆன்ட்டி வந்து, "எல்லாம் ஏறிடுச்சா மா?" என்று கேட்டார். "ஏறிடுச்சு ஆன்ட்டி" என்றேன்.

முதல் பந்தயத்தில் பதினான்காவது சுற்றில் எங்கள் வண்டியின் பின்சக்கரங்கள் இறுகி நின்றன. வண்டி சுழன்று டயர்ச் சுவரில் மோதியது. அண்ணனின் வலது தோள் எலும்பு முறிந்தது. இப்போதும் மேல் அலமாரியிலிருந்து எதையாவது எடுக்க அவன் இடது கையைத்தான் தூக்குகிறான். மெக்கானிக்கிடம் பேரிங் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரி வாசலில் மெக்கானிக்கே அழுதுகொண்டு சொன்னார். தொடரின் முடிவில் கோப்பை மௌலா அலிக்குப் போனது.

மன்றத்தில் விசாரிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். உங்களில் பலர் இருந்தீர்கள். மோகன் அங்கிள் என் தாளைத் தூக்கிப் பிடித்தார். "இது நம்ம டைம் கீப்பர் கொடுத்த ஷீட்டுங்க. இதுல பேரிங்னு ஒரு வார்த்தை இருக்குதுங்களா? யாராச்சும் காட்டுங்க பாக்கலாம்." தாள் கைமாறிக் கைமாறி ஆன்ட்டியிடம் வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். பிறகு இரண்டாவது வரிசையில், அம்மாவுக்கும் கட்டுப் போட்ட அண்ணனுக்கும் நடுவில் இருந்த என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஹவ். ஷீட் நம்மளுதுதான்" என்றார்.

அம்மா என்னிடம் குனிந்து, "பாவம், வயசாயிட்டுல்லா. விட்டிருப்பாவ" என்றாள். அறை முழுவதும் அதையேதான் நினைத்தது. அதன் பிறகு மன்றத்துக்கு அவர் வரும்போதெல்லாம் யாராவது, "ஆன்ட்டி, இப்ப மணி என்ன, தெரியுதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். கேட்டவர்கள் பெயர் எனக்குத் தெரியும். எழுதாமல் விடுகிறேன், இந்த ஒரு முறை.

கூட்டம் முடிந்து படியில் அழுதுகொண்டு நின்ற என்னிடம் ஆன்ட்டி வந்தார். "கைக்கு? எதுக்கு அழற? நீ அழுதா ஷீட் மாறுமா? பத்து நாள் என் வீட்டுப் பக்கம் வராத. எனக்குக் கோவம் இருக்கு." எண்ணிப் பதினோராம் நாள் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. இருபது கட்டமும் நிரம்பிய அந்த மஸ்டர் ரோல் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். "அதே ஹால்ல, அதே ஆளுங்க முன்னாடி இதைப் படி. நான் படிச்சா கிழவி சாக்கு சொல்றாம்பாங்க. மறைச்சது நீ. நீயே படி."

"பரீட்சை முடியட்டும் ஆன்ட்டி" என்றேன்.

"பரீட்சைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அரையாண்டுத் தேர்வு முடிந்தது, விடுமுறை முடிந்தது, திருப்புதல் தேர்வுகள் தொடங்கின. பரீட்சை ஒரு காரணமே இல்லை. எனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு நடுவில்தான் அவர் இறந்துபோனார்.

போன ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, அதே ஹாலில் இரங்கல் கூட்டம். மோகன் அங்கிள் படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு, "கண்ணு மங்கினாலும் மனசு மங்காதவங்க நம்ம ஜெசிந்தா ஆன்ட்டி" என்றார். சிலர் தலையாட்டினார்கள். ஆன்ட்டி செத்த பிறகும் அவர் கண்ணைக் குறை சொல்வதை அங்கிள் விடவில்லை. எனக்குக் கடவுள் வாழ்த்துப் பாடும் வேலை கொடுத்திருந்தார்கள். மைக் முன்னால் போய்ப் பாடாமல் ஆன்ட்டி கொடுத்த தாளை எடுத்தேன்.

"சுற்று ஒன்று, நாற்பத்தொன்பது புள்ளி ஆறு. சுற்று இரண்டு, நாற்பத்தொன்பது புள்ளி ஐந்து."

"கண்ணு, இது அதுக்கான இடமில்ல" என்றார் மோகன் அங்கிள். நான் நிறுத்தவில்லை. பதின்மூன்றாவது சுற்று வந்ததும் ஆன்ட்டி எழுதிய குறிப்பைப் படித்தேன். அங்கிள் பிரியாணி சாப்பிட்டு வந்து என்ன சொன்னார், என்னை எதை எழுதச் சொன்னார், நான் எதை விட்டேன், ஆன்ட்டியிடம் என்ன பொய் சொன்னேன், எல்லாம் சொன்னேன். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் எழுந்து, "எழுதச் சொன்னதுல நானும் உண்டு" என்றான்.

"சின்னப் பொண்ணு. துக்கத்துல என்னமோ பேசுது" என்று அங்கிள் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத லூர்து ஆன்ட்டி முன் வரிசையிலிருந்து சொன்னார்: "துக்கம் எனக்கு. நீ படி மா. இருபதும் படி."

பதினாறாவது சுற்றில் மோகன் அங்கிள் எழுந்து வெளியே போனார். யாரும் பின்னால் போகவில்லை. மீதி நான்கையும் அவர் காருக்குக் கேட்கும்படி கதவைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. இதையும் மறைக்க விரும்பவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு, அக்காவின் பொருள் ஏதாவது வேண்டுமா என்று லூர்து ஆன்ட்டி கேட்டார். வேண்டாம் என்றேன். ஜெசிந்தா ஆன்ட்டியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தைத்தான். என்மேல் இருந்த கோபத்துக்கு அவர் பத்து நாள் என்று கணக்குச் சொன்னார். மோகன் அங்கிள் மேல் இருந்ததற்கு அவர் நாள் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. நானும் லூர்து ஆன்ட்டியும் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கினோம். வாட்ச்மேன் விசிறிகளை நிறுத்தினார். பிறகு விளக்குகளை அணைத்தார்.